அம்மா செய்த அதே ருசி எனக்கு ஏன் வரவில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுச் சமையலைப் பற்றிப் பேச்சு வந்தாலே கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது. "எல்லாம் சரியாகத்தான் போட்டேன், ஆனால் அம்மா செய்கிற மாதிரி இல்லை." அம்மா இருக்கும் இடத்தில் சிலருக்குப் பாட்டி, சிலருக்கு அப்பா, சிலருக்குப் பக்கத்து வீட்டு அக்கா. பல வருடங்களாக என்னிடம் கேட்கப்பட்டவற்றையும், நானே என்னைக் கேட்டுக்கொண்டவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

அதே பொருள், அதே அளவு. ஆனாலும் அந்த ருசி வரவில்லை. ஏன்?

என் கதையையே சொல்கிறேன். என் அம்மா இரவில் செய்யும் வெங்காய முட்டைச் சோறுதான் எனக்கு உலகத்திலேயே பிடித்த சாப்பாடு. தனியாக வாழப் போனபோது போனில் செய்முறை கேட்டேன். "வெங்காயத்தை வதக்கு, மீந்த சோற்றைப் போடு, முட்டையை உடைத்து ஊற்று, கிளறி இறக்கு. அவ்வளவுதான்" என்றார். பத்துப் பதினைந்து தடவை செய்திருப்பேன். வயிறு நிறைந்தது, வேறொன்றும் நடக்கவில்லை.

அடுத்த முறை வீட்டுக்குப் போனபோது அடுப்படியில் அவர் பக்கத்திலேயே நின்றேன். வெங்காயம் எண்ணெயில் விழுந்ததுமே உப்பில் பாதியைப் போட்டுவிட்டார். தீயைக் குறைத்தார். நான் ஐந்து நிமிடம் வதக்கிய வெங்காயத்தை அவர் முழுதாக அரை மணி நேரம் வைத்திருந்தார். அது கண்ணாடி மாதிரியாகி, மஞ்சளாகி, ஓரம் பழுப்பாகி, கடைசியில் கொத்தாகச் சுருண்டது. பிறகு கையை நனைத்துக்கொண்டு கட்டியான சோற்றை ஒவ்வொரு பருக்கையாக உதிர்த்துப் போட்டார். முட்டையைச் சோற்றின் மேல் ஊற்றவில்லை. சோற்றை ஒதுக்கி, சட்டியின் நடுவில் ஊற்றி, பாதி வெந்ததும்தான் கலந்தார். எல்லாம் முடிந்து இறக்கப்போகிறார் என்று நினைத்தேன். இல்லை, கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். மூன்று நிமிடம் தொடவே இல்லை. அடியில் லேசாகப் பிடித்து மொறுமொறுப்பானதும், தட்டைக் கரண்டியால் சுரண்டித் திருப்பினார். அந்த வாசனை வந்ததும்தான் எனக்குப் புரிந்தது. நான் தேடிக்கொண்டிருந்தது அடிப்பிடித்த அந்தப் பகுதியை.

இதில் எதையும் அவர் போனில் சொல்லவில்லை. மறைக்கவில்லை, அவருக்கு அவை செய்முறையாகவே தெரியவில்லை. கை தானாகச் செய்வதை வாய் சொல்லாது. ஒரு சாப்பாட்டின் முக்கால்வாசி ருசி அந்தச் சொல்லாத பகுதியில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

வெங்காயம் ஐந்து நிமிடம் வதங்குவதற்கும் அரை மணி நேரம் வதங்குவதற்கும் அவ்வளவு வித்தியாசமா?

ஆமாம். தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். வெங்காயத்தில் ஈரம் இருக்கும் வரை அதன் சூடு அதற்கு மேல் ஏறாது. ஈரம் போன பிறகுதான் 140 டிகிரிப் பக்கம் போய் வேகமாகப் பழுப்பாக ஆரம்பிக்கும். சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சூட்டில் சேர்ந்து புதுப்புது வாசனைகளை உண்டாக்கும் இந்த வினையை 1912இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீ மயார் விவரித்தார். அவர் பெயரிலேயே மயார் வினை என்கிறார்கள். ரொட்டியின் மேல்தோல், வறுத்த காப்பிக்கொட்டை, அம்மாவின் அடிப்பிடித்த சோறு எல்லாவற்றிலும் இருப்பது இதுதான். அம்மா முதலிலேயே உப்பு போட்டதற்கும் காரணம் இருக்கிறது. உப்பு வெங்காயத்தின் நீரை வெளியே இழுக்கும். அதனால் கருகாமல் முதலில் மென்மையாகும், அப்புறம் நிதானமாகச் சிவக்கும்.

ஒரு வாசனை வந்ததும் சின்ன வயது அப்படியே கண்முன் வருகிறதே, எப்படி?

பார்ப்பதும் கேட்பதும் மூளையில் தாலமஸ் என்ற இடத்தைத் தாண்டித்தான் புறணி எனும் மேலடுக்குக்குப் போகின்றன. வாசனைக்கு அந்தச் சுற்று வழி கிடையாது. மூக்கின் உள்ளே மேற்பகுதியில் இருக்கும் நரம்பு செல்கள் நேராக முகர்வுக் குமிழுக்குச் செய்தி அனுப்புகின்றன. அங்கிருந்து உணர்ச்சியைக் கவனிக்கும் அமிக்டலாவும் நினைவைக் கவனிக்கும் ஹிப்போகாம்பஸும் வெகு அருகில் இருக்கின்றன. அதனால்தான் பெயர் ஞாபகத்துக்கு வருவதற்கு முன்பே தொண்டை அடைத்துக்கொள்கிறது.

மனிதருக்கு வேலை செய்யும் முகர்வு ஏற்பிகள், அதாவது அந்தச் செல்களில் வாசனையைப் பிடிக்கும் பகுதிகள், சுமார் 400 வகை. இந்த ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தைக் கண்டுபிடித்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவருக்கும் 2004இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இன்னொரு விஷயமும் ஆய்வுகளில் வந்திருக்கிறது. சொல்லைக் காட்டி நினைவைக் கேட்டால் பதின்ம வயதும் இருபதுகளும்தான் அதிகம் வரும். வாசனையைக் காட்டிக் கேட்டால் பத்து வயதுக்கு முந்தைய நினைவுகள் அதிகம் வரும். சமையலறை வாசனை நம்மை ஏன் இவ்வளவு சின்னவர்களாக்கிவிடுகிறது என்பதற்கு எனக்கு இதுவே போதுமான பதில்.

சளி பிடித்தால் சாப்பாடு சப்பென்று இருப்பதும் இதனால்தானா?

இதனால்தான். மெல்லும்போது வாசனை வாயின் பின்பக்கமாக மூக்குக்கு ஏறுகிறது. நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு அதுதான். நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா அடையாளம் கண்ட உமாமி, அதாவது கறிச்சாறு போன்றவற்றில் வரும் செறிவான சுவை. மீதி எல்லாம் மூக்கின் வேலை.

ஒரு ருசி பிடித்துப்போவது எந்த வயதில் தொடங்குகிறது?

பிறப்பதற்கு முன்பே. ருசியையும் வாசனையையும் ஆராயும் அமெரிக்காவின் மோனெல் மையத்தில் ஜூலி மெனெல்லா குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கர்ப்ப காலத்தின் கடைசி மாதங்களிலோ பால் கொடுக்கும் காலத்திலோ கேரட் சாறு குடித்த தாய்மார்களின் குழந்தைகள், பிறகு கேரட் கலந்த கூழ் ஊட்டியபோது முகம் சுளிப்பது குறைவாக இருந்தது. அம்மா சாப்பிட்டதன் வாசனை கருப்பை நீரிலும் பாலிலும் வந்துவிடுகிறது. அதாவது, அம்மாவின் சமையலுக்கு நாம் பழகியது நாமே வாய் திறந்து சாப்பிடுவதற்கு முன்பு.

மனசு சரியில்லாதபோது பிடித்த சாப்பாடு உண்மையிலேயே ஆறுதல் தருமா?

இதில் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆய்வுகள் இரண்டு பக்கமும் பேசுகின்றன. 2014இல் வெளியான ஓர் ஆய்வில் மனதைக் கலங்கடிக்கும் காட்சிகளைக் காட்டிவிட்டு, சிலருக்கு அவர்களுக்கு ஆறுதலான உணவும், சிலருக்கு வேறு உணவும் கொடுத்தார்கள், சிலருக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எல்லோருடைய மனநிலையும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறிவிட்டது. ஆறுதல் உணவுக்கென்று தனி மந்திரம் எதுவும் தெரியவில்லை.

2011இல் ஜோர்டன் டிராய்சி, ஷிரா கேப்ரியல் இருவரும் செய்த ஆய்வு வேறு பக்கத்திலிருந்து பார்த்தது. நெருங்கியவரோடு போட்ட சண்டையை நினைவுபடுத்திய பிறகு, தங்களுக்கு ஆறுதலான உணவைப் பற்றி எழுதச் சொன்னார்கள். உறவுகளில் நம்பிக்கை உள்ளவர்களுக்கு அப்படி எழுதியதே தனிமையைக் குறைத்தது. சாப்பிடக்கூட இல்லை, எழுதியதற்கே!

இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். அந்த உணவு கோபத்தையோ துக்கத்தையோ கரைப்பதில்லை. அதைச் செய்து போட்டவரைப் பக்கத்தில் கொண்டுவந்து உட்காரவைக்கிறது. என் அனுபவமும் அப்படியே. வேலை போன நாளில் வெங்காய முட்டைச் சோறு செய்து சாப்பிட்டேன். கவலை அப்படியேதான் இருந்தது, ஆனால் அறையில் நான் தனியாக இல்லை.

கைப்பக்குவம் என்று ஒன்று உண்மையிலேயே உண்டா?

உண்டு. அது கையில் மட்டும் இல்லை, காதிலும் மூக்கிலும் இருக்கிறது. எண்ணெயில் ஏதாவது பொரியும் சத்தம், உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெளியேறும் சத்தம். அது சன்னமாகும்போது ஈரம் குறைகிறது என்று பொருள். அம்மா அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டே "தீயைக் குறை" என்பார். அவர் கேட்டது அந்தச் சத்தத்தை.

"கண்ணளவு", "ஒரு கை" என்கிறார்கள். அதை எப்படி அளவாக மாற்றுவது?

அளந்து போடச் சொல்லாதீர்கள். சொன்னால் கை தடுமாறும், ருசியும் மாறும். அவர் எப்போதும் போலச் செய்யட்டும், நீங்கள் எடையைக் கவனியுங்கள். சமையலறைத் தராசு ஒன்று போதும். சமைப்பதற்கு முன் உப்பு ஜாடியை மூடியோடு எடைபோடுங்கள். சமைத்து முடித்ததும் மறுபடி போடுங்கள். கழித்தால் போட்ட உப்பின் எடை. எண்ணெய்ப் பாட்டிலுக்கும் மசாலா டப்பாவுக்கும் இதே வழிதான். அம்மாவின் "கொஞ்சூண்டு எண்ணெய்" 41 கிராம் என்று தெரிந்த அன்று நான் வாயடைத்துப்போனேன். நான் போட்டுக்கொண்டிருந்தது அதில் பாதிகூட இல்லை. பல வாசனைப் பொருள்கள் தண்ணீரைவிட எண்ணெயில்தான் நன்றாகக் கரையும். எண்ணெய் குறைந்தால் வாசனையும் குறைவது இதனால்தான்.

கரண்டிக் கணக்கை நம்பாமல் எடையில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. தூள் உப்பு ஒரு டீஸ்பூன் சுமார் 6 கிராம். அதே கரண்டியில் கல் உப்பு எடுத்தால் இடையிடையே காற்று நிற்பதால் எடை குறையும். கப் கணக்கும் அப்படித்தான். அமெரிக்கக் கப் சுமார் 240 மில்லி, ஆஸ்திரேலியக் கப் 250 மில்லி. உங்கள் வீட்டு டம்ளர் இரண்டிலும் சேராததாக இருக்கலாம். அம்மா எந்த டம்ளரில் எடுக்கிறாரோ அதில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி எடைபோடுங்கள். வெறும் டம்ளரின் எடையைக் கழித்தால் எத்தனை கிராமோ அத்தனை மில்லி.

ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். மூன்று தடவை வெவ்வேறு நாளில் எடுத்தால்தான் எது மாறாமல் இருக்கிறது, எது அன்றைய மனநிலையைப் பொறுத்தது என்று பிரித்துப் பார்க்க முடியும்.

அளவைத் தவிர வேறு எதைக் குறிக்க வேண்டும்?

பாத்திரம்தான் முதலில். கனமான இரும்புச் சட்டி சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். மெல்லிய பாத்திரத்தில் குளிர்ந்த சோற்றைப் போட்ட உடனே சூடு விழுந்துவிடும், அதில் மொறுமொறுப்பு வராது. பிறகு தீ எப்போது கூடியது, எப்போது குறைந்தது, மூடி எப்போது போட்டார், எப்போது எடுத்தார். பூண்டை நறுக்கினாரா நசுக்கினாரா என்பதுகூட முக்கியம். நசுக்கும்போது செல்கள் அதிகமாக உடைந்து காரமான வாசனை கூடும். மலைப்பகுதியில் வாழ்ந்தவரின் செய்முறை என்றால் ஊரின் உயரத்தையும் எழுதிவையுங்கள். ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீட்டருக்கும் தண்ணீரின் கொதிநிலை ஒரு டிகிரி குறையும், வேகும் நேரம் கூடும்.

முடிந்தால் போனில் சத்தத்தையும் பதிவுசெய்யுங்கள். படம் வேண்டாம் என்று வெட்கப்படுகிறவர்கள்கூடக் குரலுக்கு ஒத்துக்கொள்வார்கள்.

கேட்டால் "இதில் சொல்ல என்ன இருக்கிறது" என்று தட்டிக்கழிக்கிறார். என்ன செய்வது?

செய்முறையைக் கேட்காதீர்கள், கதையைக் கேளுங்கள். "இதை யாரிடம் கற்றுக்கொண்டீர்கள்? முதல் தடவை செய்தபோது எப்படி வந்தது?" என்று ஆரம்பித்தால் பேச்சு தானாக ஓடும்.

நான் அம்மாவிடம், "கடைசியில் மூன்று நிமிடம் ஏன் தொடாமல் விடுகிறீர்கள்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். நான் பள்ளியில் படித்த நாட்களில் அவர் வேலை முடிந்து வர இரவு எட்டாகிவிடும். நான் பசியோடு இருப்பேன் என்று வந்த வேகத்தில் அடுப்பைப் பற்றவைத்துவிடுவாராம். எல்லாவற்றையும் கலந்துவிட்டு, வேலைக்குப் போட்டுப்போன உடையை மாற்ற உள்ளே போவார். திரும்பி வருவதற்குள் சோறு அடிப்பிடித்திருக்கும். "உனக்கு அது பிடித்துவிட்டது. அதற்கப்புறம் வேண்டுமென்றே விட்டேன்" என்றார்.

முப்பது வருடங்களாக நான் ருசி என்று நினைத்துக்கொண்டிருந்தது, அவர் களைத்துப்போய் உடை மாற்றிய அந்த மூன்று நிமிடம். எந்தக் குறிப்பேட்டிலும் இது கிடைத்திருக்காது.

அம்மாவின் சமையலே இப்போது மாறிவிட்டது. உப்பு கூடுகிறது, சில நாள் கருகிவிடுகிறது. சொல்லவும் மனம் வரவில்லை.

இது அவருடைய கவனக்குறைவாக இருக்க வேண்டியதில்லை. வயது ஏற ஏற முகரும் திறன் குறையும். 1984இல் வெளியான ரிச்சர்ட் டோட்டியின் ஆய்வில் 65 முதல் 80 வயது வரையுள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கும், 80ஐத் தாண்டியவர்களில் முக்கால்வாசிப் பேருக்கும் இந்தத் திறன் பெரிதும் குறைந்திருந்தது. பலருக்குத் தங்களுக்கு அப்படி ஆகியிருப்பதே தெரியாது. வாசனை எட்டாதபோது நாக்குக்கு எட்டும் உப்பைக் கூட்டுவது இயல்புதானே.

குறை சொல்லாமல் பக்கத்தில் நில்லுங்கள். "உப்பு நான் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு அந்த ஒரு வேலையை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், மீதியை அவர் கையிலேயே விடுங்கள். ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். கருகும் வாசனையும் கேஸ் கசிவும் தெரியவில்லை என்றால் அது பாதுகாப்புப் பிரச்சினை, கசிவைக் காட்டும் கருவி ஒன்று வைத்துவிடுங்கள். முகரும் திறன் திடீரென்று போனால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அவர் நன்றாக முகர்கிற காலத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் எல்லோரிடமும் அலுக்காமல் சொல்வதற்கும் இதுவே காரணம்.

கோவிட் வந்த பிறகு எதுவும் பழைய வாசனையில் இல்லை. திரும்புமா?

பலருக்குத் திரும்பியிருக்கிறது, சிலருக்கு மாதக்கணக்கில் ஆனது. இடையில் பிடித்த வாசனையே அருவருப்பாக மாறுவதும் உண்டு, அது பயமுறுத்தும். முகர்வுப் பயிற்சி என்று ஒரு முறை இருக்கிறது. ஜெர்மனியின் தாமஸ் ஹும்மல் 2009இல் வெளியிட்ட ஆய்வில் ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கையும் தினமும் காலையும் மாலையும் 12 வாரம் முகர்ந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு முன்னேற்றம் தெரிந்தது. பொறுமை வேண்டும். காது மூக்கு தொண்டை மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

செய்தவர் இப்போது இல்லை. எழுதி வைத்ததும் எதுவும் இல்லை. மீட்க முடியுமா?

ஓரளவுக்கு. என் பாட்டியின் சூப்பை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். உருளைக்கிழங்கும் பூண்டும் இருந்தது தெரியும். வேறு ஏதோ ஒன்று இருந்தது. அவர் இருந்தபோது நான் கேட்கவில்லை. அது என்னை விட்டுப் போகாத வருத்தம்.

நான் பின்பற்றும் வழியைச் சொல்கிறேன். முதலில் அதைச் சாப்பிட்ட எல்லோரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். கூட்டமாகக் கேட்டால் முதலில் பேசுகிறவரின் நினைவே எல்லோருடைய நினைவும் ஆகிவிடும். என் சித்தி "அது கெட்டியாக இருக்கும்" என்றார், மாமா "தண்ணியாக இருக்கும்" என்றார். கிழங்கை மசிப்பதற்கு முன் ஒருவருக்கும் பின் ஒருவருக்கும் ஊற்றியிருக்கிறார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அடுத்து, ஒரு தடவைக்கு ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றிச் செய்துபாருங்கள். வாயில் வைப்பதற்கு முன் முகருங்கள், நினைவு அங்கேதான் முதலில் அசையும். பூண்டை எண்ணெயில் வதக்காமல், தோலோடு சுட்டுப் போட்ட அன்று எனக்கு ஏதோ அசைந்தது. இன்னும் முழுதாக வரவில்லை.

இந்த மாதிரி நினைவுக்கு எவ்வளவு வலு என்பதற்கு ஒன்று சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகளின் தெரேசின் முகாமில் பட்டினியில் இருந்த யூதப் பெண்கள் தங்கள் வீட்டுச் சமையல் குறிப்புகளை நினைவிலிருந்து எழுதினார்கள். அவர்களில் ஒருவரான மினா பெஹ்டர் 1944இல் அங்கேயே இறந்தார். கைக்குக் கை மாறிய அந்தத் தாள்கள் 1969இல்தான் நியூயார்க்கில் இருந்த அவருடைய மகளுக்கு வந்து சேர்ந்தன. சாப்பிட எதுவும் இல்லாத இடத்தில் இருந்துகொண்டு எழுதியிருக்கிறார்கள்.

சில சாப்பாடு மறுநாள்தான் ருசி என்கிறார்களே?

குழம்பு, சூப் போன்றவற்றுக்கு அது சரி. ஊறிக் கலந்து கூர்மை தணியும். சமைத்தவரின் மூக்கும் முதல் நாள் அந்த வாசனைக்குப் பழகிப்போய் மரத்திருக்கும், மறுநாள் தெளிந்துவிடும். மீந்த சோற்றுக்கும் ஒரு குணம் உண்டு. ஆறும்போது அதன் மாவுச்சத்து மறுபடி இறுகுவதால் பருக்கை உதிரியாக நிற்கும், குழையாது.

ஆனால் சோற்றை வெளியிலேயே விட்டு வைக்காதீர்கள். வேகவைத்தும் சாகாத ஒருவகைப் பாக்டீரியாவின் வித்துகள் அதில் இருக்கும், இளஞ்சூட்டில் பெருகி நஞ்சை உண்டாக்கும். மறுபடி சுடவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

தேடிய ருசி கிடைத்தும் ஏமாற்றமாக இருந்தது. என்னிடம் கோளாறா?

இல்லை. அன்றைக்குப் பசி வேறு, வயது வேறு, எதிரில் உட்கார்ந்திருந்தவர் வேறு. அழுகை வந்தால் அழுதுவிட்டுச் சாப்பிடுங்கள்.

என் பிள்ளைகளுக்கு அந்தச் சாப்பாடு பிடிக்கவில்லை. கட்டாயப்படுத்தலாமா?

வேண்டாம். என் மகளுக்கு அடிப்பிடித்த சோறு பிடிக்காது, சுரண்டி என் தட்டில் தள்ளிவிடுவாள். அவள் கேட்பது வேறு. ஒரு மழை நாள் மின்சாரம் இல்லாதபோது, மீந்த ரொட்டியைப் பாலில் ஊறவைத்து, இருட்டில் சர்க்கரை அளவு தெரியாமல் அள்ளிப் போட்டுக் கொடுத்தேன். உடம்பு சரியில்லாத நாட்களில் அவளுக்கு அதுதான் வேண்டும். போன வாரம் காய்ச்சலில் படுத்திருந்தபோது செய்துகொடுத்தேன், ஒரு வாய் வைத்துவிட்டு "சர்க்கரை பத்தலை" என்றாள். அதன் பிறகு தராசை எடுத்து, அவள் போதும் என்று சொல்லும் வரை போட்டு, எடையைக் குறித்துக்கொண்டேன். 34 கிராம்.